இரு கடற்கழுகுகளும் ஒரு நஞ்சும்

நம் கிழக்குக் கரையில் வட்டமிடும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் அமெரிக்காவின் தேசியச் சின்னமான வெண்தலைக் கழுகும் நெருங்கிய உறவினர்கள். இறக்கைகளை விரித்தால் இரண்டும் சுமார் 2 மீட்டர் அகலம். எடையில் அமெரிக்கக் கழுகே பெரியது. இரண்டும் நீர்ப்பரப்பில் தாழப் பறந்து மீனை நகங்களால் பற்றும். நம் கழுகு கடற்பாம்பையும் விடாது. இரண்டுமே உயர்ந்த மரங்களில் சுள்ளிக்கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடும்.

மீன் உணவே வெண்தலைக் கழுகுக்கு வினையாயிற்று. வேட்டையால் ஏற்கெனவே குறைந்திருந்த அதனை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலான டி.டி.டி. பூச்சிக்கொல்லி மேலும் வாட்டியது. நீரில் கலந்த நஞ்சு மீனின் கொழுப்பில் தங்கி, கழுகின் உடலில் பன்மடங்காகச் சேர்ந்தது; முட்டையோட்டில் சுண்ணாம்புச் சத்துப் படிவதைத் தடுத்தது. அடைகாக்கும் பறவையின் எடை தாங்காமல் முட்டைகள் நொறுங்கின. 1963-இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான மாநிலங்களில் 500-க்கும் குறைவான இணைகளே எஞ்சின. 1972-இல் டி.டி.டி. தடைசெய்யப்பட்டது. 2007-இல் இணைகள் 9,700-ஐத் தாண்டியிருந்தன.

நம் பகுதியில் நிலை என்ன? 1980-களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்களும் ஜப்பானிய அறிவியலாரும், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் காற்றையும் வெள்ளாற்று நீரையும் சோதித்தனர். இரண்டிலும் டி.டி.டி., பி.எச்.சி. எச்சங்கள் இருந்தன. இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி. 1989-இலும், பி.எச்.சி. 1997-இலும் விலக்கப்பட்டன.

கடலூர், சிதம்பரம் வட்டார வயல்களின் வடிகால் நீர் கடலையே சேர்கிறது. அக்கடலின் மீனை உண்பது கழுகு மட்டுமன்று, நாமும்தான்.