ஜெர்கின் வந்த வழி

நீலகிரி மலையின் மஞ்சூர் கடைவீதியில் ஓர் ஆண் போய் நின்று "ஜாக்கெட் இருக்காண்ணா?" என்று கேட்டால், தையல்கடைக்கு வழி காட்டிவிடுவார்கள். இடுப்பளவு மேலங்கியைக் குறித்த ஆங்கிலச் சொல் தமிழில் புடவையோடு சேர்ந்து ரவிக்கையாகிப் பல தலைமுறை ஆகிறது. அது பெண்கள் பக்கம் போய்விட்டதால், குளிருக்குப் போடும் ஜிப் வைத்த உடுப்புக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது. ஜெர்கின் அப்படித்தான் நிலைத்தது என்பது என் கணிப்பு.

ஆங்கிலத்தில் அது 1500களின் தொடக்கத்திலேயே புழங்கிய சொல். அதன் வேர் எது என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. உடுப்பைப் பற்றிச் சந்தேகம் இல்லை: உடம்பை ஒட்டிய தோல் மேலங்கி, பெரும்பாலும் கையில்லாதது. முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் கையில்லாத தோல் ஜெர்கினே கொடுத்தார்கள். தோள் தாராளமாக அசையும், நெஞ்சு சூடாக இருக்கும். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் 1850களிலிருந்தே ராணுவம் இருக்கிறது. பட்டாளத்துச் சொல்லும் பட்டாளத்துத் துணியும் மலையில் பரவ அதைவிடப் பக்கத்துக் கதவு வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அருகிப்போன சொல் இங்கே முழுக்கை, தலைமூடி, நைலான் துணி எல்லாம் சேர்த்துக்கொண்டு வாழ்கிறது.

கூட வந்த சொற்களும் சும்மா வந்தவை அல்ல. ஸ்வெட்டர் என்பதில் இருப்பது வியர்வை. விளையாட்டு வீரர்கள் வியர்ப்பதற்காகப் போட்ட கம்பளிச் சட்டை அது. கார்டிகன் ஒரு பிரபுவின் பெயர். 1854இல் கிரிமியாவின் பாலக்லாவாவில் குதிரைப்படையோடு பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தவர். அதே பாலக்லாவா பெயரைத் தாங்கிய குல்லாதான் நமக்கு மங்கி குல்லா.

இந்த உடுப்புகள் மலைக்கு வருவதற்கு முன் இருந்தது கம்பளியும் கொங்காணியும். கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொன்றுக்குள் செருகித் தலையில் கவிழ்த்தால் கொங்காணி, முதுகு வரை மழைக்கு மறைவு. இன்னும் பின்னே போனால் முல்லைப்பாட்டில் யவனர் அணிந்த 'மெய்ப்பை' இருக்கிறது. ஜெர்கினுக்கு அச்சாகப் பொருந்தும் சொல்தான். ஆனால் மஞ்சூர் பஸ் நிலையத்தில் அதைச் சொல்லிப் பாருங்கள்!

மஞ்சூர் இருக்கும் குந்தாவின் ஐப்பசிக்கு ஜெர்கின் ஏன் தோதானது என்பதைக் காரமடையிலிருந்து வரும் பாதையே சொல்லிவிடும். கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வேர்க்கும், மேலே பல் கிட்டும். தென்மேற்குப் பருவமழை அடங்கியிருக்கும், வடகிழக்கு தொடங்கியிருக்கும். பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில், இரண்டு மணிக்கு மேகம் இறங்கும், நாலு மணிக்குத் தூறல். ஸ்வெட்டரின் பின்னல் கண்ணில் காற்று புகுந்துவிடும். நனைந்தால் லேசில் காயாது. உள்ளே பஞ்சு அடைத்த தடித்த ஜெர்கின் வெயிலில் சுமை. மெல்லிய ஸ்வெட்டரும் அதன்மேல் காற்றையும் தூறலையும் தாங்கும் மெல்லிய ஜெர்கினும்தான் என் கட்சி. ஒன்றைக் கழற்றலாம், ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

தெரிந்து வாங்குகிறவர் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஜிப்பைத் தாடை வரை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்குவார். இடுப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். தேயிலைச் செடியில் குனிந்து நிமிர்கிறவருக்கு முதுகு மூடியிருக்க வேண்டும். கவாத்து வெட்டிய குச்சி நைலானைக் கிழித்துவிடும் என்பதால் தோட்டத்துக்குப் பழசு, ஊட்டிக்கும் கல்யாணத்துக்கும் புதுசு.

இப்போது பிள்ளைகள் போனில் வரவழைக்கிறார்கள். அட்டையில் 'ஜாக்கெட்' என்றுதான் அச்சாகி வருகிறது. பொட்டலத்தைப் பிரிக்கும்போது வீட்டில் கேட்பது மட்டும், "ஜெர்கின் சைஸ் சரியா இருக்கா?"