மரண அறிவித்தல்

ஒருவரின் இறப்பையும், இறுதிக்கிரியை நடைபெறும் நாள், நேரம், இடம் ஆகியவற்றையும் உற்றார் உறவினர் அறியக் குடும்பத்தார் வெளியிடும் விளம்பரம். இலங்கைத் தமிழரிடையே இது தனி இலக்கணம் கொண்ட எழுத்து வகையாக வளர்ந்துள்ளது.

முன்வடிவங்கள்

இறந்தோரைப் போற்றும் எழுத்து தமிழில் மிகப் பழையது. நடுகல் நிறுத்தும் முறையைத் தொல்காப்பியம் கூறுகிறது. பாரி இறந்தபின் கபிலர் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. பிற்காலத்தில் புலவர்கள் சரமகவி என்னும் இரங்கற்பாக்களைப் பாடினர். ஆனால் சாவுச் செய்தியை ஆள் அனுப்பியே சொல்லி வந்தனர். சிற்றூர்களில் ‘இழவு சொல்லும்’ வேலை குடிமைத் தொழில் செய்தோர்மீது சுமத்தப்பட்டிருந்தது.

பத்திரிகையும் வானொலியும்

வீரகேசரி (1930), தினகரன் (1932) போன்ற நாளிதழ்கள் பரவியபின் அச்சு அறிவித்தல் வழக்கமாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஈழநாடு (1959), உதயன் (1985) ஆகியவை இதற்கு இடமளித்தன. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை மரண அறிவித்தல்களை வாசித்ததால், பத்திரிகை வந்து சேருமுன்பே தொலைவூர் உறவினரும் செய்தி அறிந்து புறப்பட முடிந்தது.

அமைப்பு

ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் மற்றோர் ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று அறிவித்தல் தொடங்கும். காலமான திகதிக்குப் பின், ‘அன்னார்’ என்ற சொல்லோடு உறவு வரிசை வரும்: இன்னாரின் அன்பு மகன், அருமைக் கணவர், பாசமிகு தந்தை, மைத்துனர், பேரன். முன்பே இறந்த உறவினர் பெயருக்குமுன் ‘காலஞ்சென்ற’ என்ற அடை சேரும். தகனம் நடைபெறும் மயானத்தின் பெயரும் ‘தகவல்: குடும்பத்தினர்’ என்ற வரியும் இறுதியில் அமையும். சைவர் ‘சிவபதம் அடைந்தார்’ என்றும், கிறித்தவர் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றும் எழுதுவதுண்டு.

கல்வெட்டு

31ஆம் நாள் கிரியையின்போது வழங்கப்படும் நினைவுநூல் ‘கல்வெட்டு’ எனப்படும். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரங்கள், வம்சாவளி, மனைவி மக்கள் புலம்புவதாக ஊர்ப்புலவர் எழுதிய பாக்கள், நன்றி நவிலல் ஆகியன இதில் இருக்கும். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை ஒரே வெண்பாவில் அடக்கும் ‘திதி வெண்பா’ இதன் சிறப்பு. ஆண்டுத் திவசம் திதியைக் கொண்டே கணிக்கப்படுவதால் குடும்பத்துக்கு அது நடைமுறைப் பயனும் உடையது.

புலம்பெயர்வுக்குப் பின்

இலங்கையில் தமிழருக்கு எதிராக 1983இல் நடந்த வன்முறைக்குப் பின் தமிழர் பெருந்தொகையாக நாட்டைவிட்டு வெளியேறினர். அதன்பின் அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர்களை அடுத்து கனடா, லண்டன், சுவிஸ் என அவர்கள் வாழும் இடத்தின் பெயரும் அடைப்புக்குறிக்குள் இடம்பெறலாயிற்று. இன்று இணைய அறிவித்தல்களில் தொடர்பு எண்கள் நாடுவாரியாகத் தரப்படுகின்றன.

போரினாலும் இடப்பெயர்வினாலும் குடும்ப ஆவணங்கள் அழிந்த சமூகத்தில், ஊர், உறவு, தொழில் ஆகியவற்றை ஒருசேரப் பதிந்த இவ்வெளியீடுகள் வரலாற்று மூலங்களாகவும் மதிப்புப் பெற்றுள்ளன. நூலகம் நிறுவனம் இத்தகைய நினைவு வெளியீடுகளை எண்ணிம வடிவில் பேணி வருகிறது.