வளைந்து சென்ற பந்து: விம் வான் ஹானெகெம்

நெதர்லாந்துக் கால்பந்து என்றதும் நம் நினைவில் முதலில் எழும் பெயர் யோஹான் கிராய்ஃப். 1974 உலகக் கோப்பையில் அவருடன் ஆடிய நடுக்கள ஆட்டக்காரர் விம் வான் ஹானெகெமை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். கிராய்ஃபைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் வரலாறே பெரும்பாலும் போதும். வான் ஹானெகெமைப் புரிந்துகொள்ளவோ மைதானத்திற்கு வெளியே நடந்த வரலாற்றையும் நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அவர் 1944 பிப்ரவரி 20 அன்று சீலாந்து மாகாணத்தின் பிரெஸ்கென்ஸ் என்ற சிறு துறைமுகத்தில் பிறந்தார். ஸ்கெல்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த ஊர் அது. 1940 மே முதல் நாடு ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்தது. 1944 செப்டம்பர் 4 அன்று நேச நாட்டுப் படைகள் ஆண்ட்வெர்ப் நகரைக் கைப்பற்றவே, கடலோரத்தில் சிக்கிக்கொண்ட ஜெர்மனியின் பதினைந்தாவது படை பிரெஸ்கென்ஸிலிருந்து படகுகளில் எதிர்க்கரையின் ஃபிளிசிங்கனுக்குத் தப்பத் தொடங்கியது. அந்த வழியை அடைக்க நேச நாட்டு விமானங்கள் செப்டம்பர் 11 அன்று துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. ஊரே சிதைந்தது. இறந்தோருள் வான் ஹானெகெமின் தந்தையும் இருந்தார். உடன்பிறந்தாரையும் அப்போர் அவரிடமிருந்து பறித்தது. அப்போது அவர் ஏழு மாதம்கூட நிறையாத கைக்குழந்தை.

எஞ்சிய குடும்பம் உட்ரெக்ட் நகரில் குடியேறியது. அங்கே வெலாக்ஸ் அணியில் தொடங்கி, ரோட்டர்டாமின் செர்க்சஸ் அணி வழியாக, 1968இல் அவர் ஃபெயநூர்டை அடைந்தார். அவரிடம் வேகம் கிடையாது. ஆனால் இடக்காலின் வெளிப்புறத்தால் அவர் தட்டிவிடும் பந்து காற்றில் வளைந்து சென்று உரியவர் காலடியில் விழும். 'வளைந்தவன்' என்று பொருள்படும் 'டி குரோமெ' அவருடைய பட்டப்பெயராயிற்று.

ரோட்டர்டாமும் குண்டுகளை அறிந்த நகரம்தான். 1940 மே 14 அன்று ஜெர்மானிய விமானங்கள் அதன் மையப் பகுதியைத் தரைமட்டமாக்கின. நேச நாட்டுக் குண்டுகளுக்குத் தந்தையைப் பலிகொடுத்த பிள்ளை, ஜெர்மானியக் குண்டுகளால் அழிந்து மீண்டெழுந்த நகரத்தின் நாயகனானது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று எனலாம்.

1970 மே 6 அன்று மிலானின் சான் சிரோ மைதானத்தில், கூடுதல் நேரத்தில், ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியை 2–1 என ஃபெயநூர்ட் வென்றது. ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றிய முதல் நெதர்லாந்து அணி அதுவே. அஜாக்ஸ் அணியின் புகழ்பெற்ற மூன்று தொடர் வெற்றிகள் அதற்குப் பின்னரே வந்தன. ஆஸ்திரியரான பயிற்சியாளர் எர்னஸ்ட் ஹாப்பெல் அமைத்த நடுக்களத்தில் விம் யான்சென், ஃபிரான்ஸ் ஹாசில் ஆகியோருடன் ஆட்டத்தின் தாளத்தைத் தீர்மானித்தவர் வான் ஹானெகெம். அதே ஆண்டு அர்ஜென்டினாவின் எஸ்டூடியான்டெஸ் அணிக்கு எதிரான கண்டங்களுக்கிடையிலான கோப்பையையும், 1974இல் யூஏஃபா கோப்பையையும் ஃபெயநூர்ட் வென்றது. இரண்டின் இறுதிச் சுற்றுகளிலும் அவர் கோல் அடித்தார்.

அடுத்து வந்தது 1974 ஜூலை 7. மியூனிக்கில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரில் மேற்கு ஜெர்மனி. ஜெர்மானிய வீரர் எவரும் பந்தைத் தொடுமுன்பே கிடைத்த பெனால்டியில் நேஸ்கென்ஸ் கோல் அடித்தார். இரண்டாவது கோலைத் தேடாமல் நெதர்லாந்து அணி பந்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. எதிரணியைச் சிறுமைப்படுத்துவதே தமக்கு முக்கியமாக இருந்தது என்றும், தம் குடும்பத்தை அழித்தவர்கள் ஜெர்மானியர்கள் என்றும் வான் ஹானெகெம் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். பிரைட்னரும் கெர்ட் முல்லரும் அடித்த கோல்களால் மேற்கு ஜெர்மனி 2–1 என வென்றது.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். பிரெஸ்கென்ஸின்மீது விழுந்தவை நேச நாட்டுக் குண்டுகள். அப்படியானால் அவருடைய வெறுப்பு முகவரி தவறியதா? அவ்வாறு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆக்கிரமிப்பு இல்லையேல் அந்தக் குண்டுவீச்சுக்கு அவசியமே நேர்ந்திராது. குண்டை வீசியவன் யார் என்பதற்கு ஆவணங்கள் விடை சொல்லும். போரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவன் யார் என்பதையே தந்தையற்ற பிள்ளை கேட்கிறான். ஆயினும் அன்று களத்தில் நின்ற முல்லர் 1945 நவம்பரில் பிறந்தவர். போர் முடிந்தபின் உலகிற்கு வந்தவர். அவரை எதிரியாக நிறுத்திய கணக்கு ஒரு மகனின் துயரத்திற்குப் பொருந்தலாம். வரலாற்றின் நீதிக்குப் பொருந்தாது. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்பது கடினம். ஏற்காமல் அவரைப் புரிந்துகொள்ளவும் இயலாது.

1978 உலகக் கோப்பைக்குச் சற்று முன்னர் வான் ஹானெகெம் அணியிலிருந்து விலகினார். தொடக்க அணியில் இடம் உறுதி என்று சொல்ல மறுத்த பயிற்சியாளர் அதே ஹாப்பெல்தான். 52 ஆட்டங்கள், 6 கோல்களுடன் அவருடைய நாட்டுக்கான ஆட்டம் 1979இல் நிறைவுற்றது. 1983இல் ஃபெயநூர்டிலேயே ஓய்வு பெற்றவர், 1993இல் அதே அணியைப் பயிற்சியாளராக நாட்டின் வாகையராக்கினார்.

வெற்றிப் பட்டியல்களை ஆவணங்கள் பாதுகாத்துக்கொள்ளும். மியூனிக்கில் அவர் ஆடிய ஆட்டத்தையோ, 1944 செப்டம்பரின் அந்த ஒரு நாளை அறிந்த பின்னரே நம்மால் முழுமையாகப் பார்க்க முடிகிறது.