அராரத்தும் அயலகமும்

சென்னையில் அரண்மனைக்காரத் தெரு என்றொரு தெரு உண்டு. அரண்மனை ஏதும் அங்கில்லை. அரசர் எவரும் அங்கு வாழ்ந்ததுமில்லை. ஆர்மேனியர் வாழ்ந்த தெரு அது. ஆர்மேனியக்காரர் தெரு என்பது மக்கள் நாவில் உருண்டு உருண்டு அரண்மனைக்காரத் தெருவாயிற்று! 1712இல் எழுப்பப்பட்டு 1772இல் மீண்டும் கட்டப்பட்ட அவர்களுடைய மாதாகோயில் இன்றும் அங்கே நிற்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது 1726இல் பாலம் கட்டித் தந்தவரும் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகரே. அந்த இடத்தில் இன்று நிற்கும் பாலம் மறைமலை அடிகளின் பெயர் தாங்கி நிற்கிறது.

கோயிலும் பாலமும் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் அவர்கள் இங்கே கட்டினர். தங்கள் கையில் இல்லாத நாட்டுக்கு, தாங்கள் காலெடுத்து வைக்க இயலாத நாட்டுக்கு, சென்னையில் அமர்ந்து ஓர் அரசியல் சட்டம் எழுதினர்!

விந்தையாக இருக்கிறதல்லவா? விந்தைதான். அதற்குள் ஒரு வேதனையும் இருக்கிறது. அயலகத்தில் வாழ்பவன் தாயகத்தின்மீது வைக்கும் பற்று எத்தகையது, அந்தப் பற்றுக்கு விலை கொடுப்பவன் யார் என்ற கேள்வி அது. இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஆர்மேனியரை அது விடாமல் பின்தொடர்ந்து வருகிறது.

இவர்கள் சென்னைக்கு வந்த கதையை முதலில் காண்போம். மேற்கே துருக்கிச் சுல்தான், கிழக்கே பாரசீக ஷா. இரு வல்லரசுகளின் இடையே கிழிபட்டுக் கிடந்தது ஆர்மேனியா. 1604இல் ஷா அப்பாஸ், ஜுல்ஃபா என்னும் வணிக நகரின் மக்களை வேரோடு பெயர்த்தான். ஊர் எரிந்தது, மக்கள் இஸ்பஹானுக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். அங்கே அவர்கள் அமைத்துக்கொண்ட புதிய ஊருக்குப் புது ஜுல்ஃபா என்றே பெயரிட்டனர். ஊரைப் பறிக்கலாம், ஊர்ப்பெயரைப் பறிக்க முடியுமோ! புது ஜுல்ஃபாவிலிருந்து பட்டு வணிகம் அவர்களைச் சூரத்துக்கும், ஆக்ராவுக்கும், சென்னைக்கும், கல்கத்தாவுக்கும், மணிலாவுக்கும், ஆம்ஸ்டர்டாமுக்கும் கொண்டு சென்றது.

அவ்வாறு சென்னைக்கு வந்தவர் ஷாமீர் ஷாமீரியன். 1723இல் புது ஜுல்ஃபாவில் பிறந்து, 1797இல் சென்னையில் மறைந்தவர். பெருவணிகர். பொருள் சேர்த்த மனிதர் அதைப் புதைத்து வைக்கவில்லை. அச்சகம் ஒன்று அமைத்தார். அதிலிருந்து 1772இல் 'நோர் தெத்ராக்', அதாவது புதிய ஏடு, என்ற நூல் வெளிவந்தது. எழுதியவர் மொவ்செஸ் பக்ராமியன். ஷாமீரியனின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது! ஆர்மேனிய இளைஞனை நோக்கி, "உறக்கம் கலை" என்னும் பொருள்பட எழுதினார் அவர். நாடு வீழ்ந்தது விதியால் அன்று, கடவுளின் சினத்தால் அன்று. மன்னர்களின் கட்டற்ற ஆட்சியாலும் மக்களின் அறியாமையாலுமே வீழ்ந்தது என்று காரணம் காட்டினார்.

அடுத்து வந்தது 'வொரொகாய்த் பாராத்ஸ்'. புகழின் பொறி என்பது அதன் பொருள். முகப்பில் 1773 என்ற ஆண்டு காணப்படினும், அச்சேறியது 1780களின் பிற்பகுதியில் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வருங்கால ஆர்மேனியக் குடியரசுக்கான 521 விதிகள் அதில் அடங்கின. மன்னன் ஆள்வதில்லை, சட்டம் ஆளும். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் சட்டமியற்றும். ஆண் பெண் இருபாலார்க்கும் கல்வி கட்டாயம். பாரிசில் பாஸ்டில் சிறை தகர்ந்த காலத்தையொட்டிச் சென்னைப் பட்டினத்தில் ஒரு வணிகர் வீட்டில் பிறந்த எண்ணங்கள் இவை! 1794இல் ஆரத்யூன் ஷ்மாவோனியன் என்னும் குரு இதே சென்னையில் 'அஸ்தரார்' என்ற இதழைத் தொடங்கினார். உலகிலேயே ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அது. தாயகத்தில் வெளிவராத இதழ், தமிழகத்தில் வெளிவந்தது.

இந்த எண்ணங்களைத் தாயகம் எப்படி வரவேற்றது?

ஆர்மேனியத் திருச்சபையின் தலைமைப் பீடம் எச்மியாட்சின் என்னும் ஊரில் இருந்தது. அப்போது பீடத்தில் இருந்தவர் சிமியோன். பக்ராமியனின் நூல் அவர் கைக்கு எட்டியது. நூலை எரியுங்கள் என்றார்! எழுதியவரைச் சபையிலிருந்து விலக்கினார்!

இதைப் படித்ததும் நமது குருதி கொதிக்கும். எந்த நாட்டிலும் மதபீடம் ஏட்டுக்குப் பகை, எரிப்பது அதன் பழக்கம் என்று கூறி முடித்துவிடத் தோன்றும். அதில் உண்மை உண்டு. அதுவே முழு உண்மையா என்பதையும் பார்க்க வேண்டும். பகுத்தறிவு என்பது நமக்குப் பிடிக்காதவனின் நிலையையும் ஆய்ந்து பார்ப்பதல்லவா?

எச்மியாட்சின், பாரசீகத்துக்கு உட்பட்ட யெரெவான் கானின் பிடியில் இருந்த ஊர். புரட்சி ஏடு ஒன்று கானின் கண்ணில் பட்டால், வாள் சென்னைக்குப் பாயாது. அராரத் மலையின் அடிவாரத்துச் சிற்றூர்களின்மீது பாயும். ஷாமீரியனின் மாளிகைக்கு ஆபத்தில்லை. அங்கே ஏர் பிடித்தவனின் குடிசைக்கு ஆபத்து. சிமியோன் தம் பீடத்தைக் காத்தார், ஐயமில்லை. ஆனால் அவர் அஞ்சிய வாள் கற்பனை வாளன்று.

ஆக, வழக்கு இதுதான். அயலகத்தான் கேட்கிறான்: "நான் சிந்திக்கவில்லையென்றால் உனக்காகச் சிந்திப்பவர் யார்?" தாயகத்தான் கேட்கிறான்: "நீ சிந்திக்கிறாய், சரி, அடி வாங்குபவன் நானல்லவா?" இருவர் கேள்வியும் நேர்மையான கேள்வியே. நூலை எரித்தது குற்றம். அச்சத்தை அறியாமல் வீரம் பேசியதோ, குறை.

காலம் உருண்டது. 1915 வந்தது. ஏப்ரல் 24ஆம் நாள் கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்மேனிய அறிஞர்களும் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். தொடர்ந்து துருக்கிப் பேரரசெங்கும் கொலையும் நாடுகடத்தலும் நடந்தன. சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்தப்பட்ட மக்கள் வழியெல்லாம் பிணமாகி வீழ்ந்தனர். மாண்டவர் ஏறத்தாழ 10 லட்சம் முதல் 15 லட்சம் வரை என்று மதிப்பிடுகின்றனர். எஞ்சியோர் அலெப்போ, பெய்ரூட், மார்சேல், பாரிஸ், பாஸ்டன், ஃபிரெஸ்னோ என்று சிதறினர்.

பழைய அயலகம் வணிகனுடையது. புதிய அயலகம் அநாதையினுடையது. வேறொரு சிக்கலும் பிறந்தது. இவர்களின் ஊர்கள் கார்பெர்த், மராஷ், வான், செபாஸ்தியா. அவை துருக்கியின் எல்லைக்குள் போய்விட்டன. 1918 மே 28இல் பிறந்து 1920இல் மறைந்த குடியரசும், அதன்பின் எழுந்த சோவியத் ஆர்மேனியாவும் கிழக்கே வேறு நிலப்பகுதியில் அமைந்தன. பேச்சிலும் வேற்றுமை: இவர்களது மேலை ஆர்மேனியம், அவர்களது கீழை ஆர்மேனியம். 1922இல் சோவியத் ஆட்சி எழுத்துமுறையை மாற்றியது. அயலகம் பழைய முறையையே பற்றிக்கொண்டது. இரு சாராரும் போற்றும் அராரத் மலையோ துருக்கியில் இருக்கிறது! யெரெவான் நகரத்தான் நாள்தோறும் அதைப் பார்க்கிறான், ஏற முடியாது. பாரிஸ் நகரத்தான் சுவரில் படமாக மாட்டி வைத்திருக்கிறான்.

இந்த நிலையில் 1945இன் இறுதியில் மாஸ்கோவிலிருந்து அழைப்பு வந்தது: "திரும்பி வாருங்கள்!" 1946 முதல் 1948 வரை ஏறத்தாழ 90,000 பேர் சென்றனர். சிரியா, லெபனான், ஈரான், கிரீஸ், எகிப்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளிலிருந்தும், சிறு தொகையினராக அமெரிக்காவிலிருந்தும், கடையை விற்று, வீட்டை விற்று, தாயகம் என்ற சொல்லை நம்பிக் கப்பலேறினர்.

இறங்கிய இடத்தில் கண்டது என்ன? போரில் நைந்த நாடு. ரொட்டிக்கு வரிசை. வீட்டுக்குத் தட்டுப்பாடு. வரவேற்க வேண்டிய உடன்பிறப்போ, "இருக்கும் ரொட்டியில் பங்குக்கு வந்துவிட்டான்" என்று முகம் சுளித்தான். வந்தவர்கள் ஒருவரையொருவர் 'அக்பார்' என்று அழைத்தனர். உடன்பிறந்தோன் என்று பொருள். அந்தச் சொல்லையே உள்ளூரார் ஏளனப் பெயராக்கி அவர்கள்மீது வீசினர்! அண்ணன் தம்பி என்ற சொல் வசைச்சொல்லான கொடுமையை என்னென்பது!

1949 ஜூன் மாதத்து ஓர் இரவில் கதவுகள் தட்டப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சரக்கு இரயில்களில் ஏற்றப்பட்டுச் சைபீரியாவின் அல்தாய்ப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தாயகம் நாடி வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். ஸ்டாலின் மறைந்த பின்னரே மீட்சி. 1956இல் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் கிறிஸ்தியான் பினோ யெரெவான் வந்தபோது, பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர்கள் அவரை நெருங்கித் தங்களைத் திருப்பி அழைத்துச் செல்லும்படி முறையிட்டனர்.

இதைச் சொல்வது திரும்பியவர்களை எள்ளுவதற்கன்று. அழைத்தவன் ஏமாற்றினான் என்று மட்டும் கூறி அமைவதற்குமன்று. அவர்கள் நெஞ்சில் சுமந்து வந்தது ஒரு படம். கண்டது ஒரு நாடு. படத்தில் பசி இல்லை. நாட்டில் பசி இருந்தது. இருப்பினும் அந்த வருகை வீணாகிவிடவில்லை. இழந்த ஊர்களின் பெயரால் யெரெவானில் முன்னரே தோன்றியிருந்த புது அராப்கிர், புது மலாத்தியா போன்ற குடியிருப்புகள் வளர்ந்தன. கைத்தொழிலும், இசையும், அயல்மொழிப் புலமையும் அவர்களோடு வந்தன. 1945இல் அலெப்போவில் பிறந்து, மறு ஆண்டு பெற்றோரின் கையில் வந்து சேர்ந்த குழந்தை ஒன்று, 1991இல் விடுதலை பெற்ற ஆர்மேனியாவின் முதல் குடியரசுத் தலைவராயிற்று. அவர்தான் லெவோன் தெர்-பெத்ரோசியன்.

இங்கே வரலாறு மேலும் ஒரு பாடம் நடத்துகிறது, கேளுங்கள். அவருடைய முதல் வெளிநாட்டமைச்சர் ராஃபி ஹொவன்னிசியன், அமெரிக்காவின் ஃபிரெஸ்னோ நகரில் பிறந்தவர். 1992இல் இஸ்தான்புல்லில் துருக்கியைக் கடிந்து பேசினார். அதையடுத்துப் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. அண்டை நாட்டோடு போர், மூடிய எல்லை, விளக்கெரிய மின்சாரமில்லாத குளிர்காலம்: தலைவர் இவற்றைப் பார்த்தார். அமைச்சர் 1915இன் கல்லறைகளைப் பார்த்தார். இருவருமே அயல்மண்ணில் பிறந்தவர்கள்! ஆகவே பிறந்த இடம் மட்டும் கருத்தை வகுப்பதில்லை. பொறுப்பேற்று நிற்கும் இடமும் வகுக்கிறது. 1994இன் இறுதியில் அயலகத்தில் வேரூன்றிய தாஷ்நாக் கட்சியின் நடவடிக்கைகளைத் தெர்-பெத்ரோசியன் தடுத்து நிறுத்தினார். சென்னைக்கும் எச்மியாட்சினுக்கும் மூண்ட பழைய வழக்கு, புதிய உடையில் மீண்டும் எழுந்தது. மாற்றுக் குரலை அடைத்துத்தான் நாட்டைக் காக்க முடியும் என்ற எண்ணம், சிமியோனிடம் இருந்தாலும் குடியரசுத் தலைவரிடம் இருந்தாலும் பிழையே.

2009 அக்டோபரில் துருக்கியோடு உறவு ஏற்படுத்தும் உடன்படிக்கைகள் சூரிச்சில் கையெழுத்தாயின. அதற்குச் சில நாட்களுக்கு முன் குடியரசுத் தலைவர் சர்க்சியன் பாரிசுக்கும், லாஸ் ஏஞ்சலீசுக்கும், பெய்ரூட்டுக்கும் சென்றார். அயலக ஆர்மேனியர் கண்டன முழக்கத்தோடு எதிர்கொண்டனர். எல்லை திறந்தால் சந்தைக்குச் சரக்கு செல்லும் என்று எண்ணினான் எல்லைப்புறத்து எளியவன். பாட்டனின் கல்லறையை விற்பதா என்று கொதித்தான் பெய்ரூட்காரன். உடன்படிக்கைகள் நடைமுறைக்கு வரவேயில்லை. 2018இல் ஆர்மேனியா அவற்றைக் கைவிட்டது.

யார் சரி? அவ்வாறு கேட்பதைவிட, யாருக்கு எவ்வளவு உரிமை என்று கேட்பதே பொருத்தம். 1988 டிசம்பர் 7இல் நிலநடுக்கம் ஏறத்தாழ 25,000 உயிர்களைக் குடித்தபோது, அயலகம் பணத்தோடும் மருந்தோடும் ஓடிவந்தது. சிரியாவில் போர் மூண்டபோது, அங்கிருந்த ஆர்மேனியரில் ஆயிரக்கணக்கானோருக்குத் தாயகம் கதவு திறந்தது. 2023 செப்டம்பரில் கரபாக்கிலிருந்து 1 லட்சத்துக்கு மேற்பட்டோர் சில நாட்களில் வெளியேறி வந்தபோது, இருவரும் சேர்ந்தே தோள் கொடுத்தனர். ஆகவே, அயலகத்தானை அயலான் என்று தள்ளுவது அறமன்று. பணப்பை என்று மட்டும் கருதுவது அதனினும் இழிவு.

அதுபோலவே, பாதுகாப்பான மாடியில் நின்று, "விட்டுக்கொடாதே, போராடு" என்று கீழே நிற்பவனுக்குக் கட்டளையிடுவதும் அறமன்று. ஆர்மேனியா 2005இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி இரட்டைக் குடியுரிமைக்கு வழிவிட்டது. ஆயினும் பொதுவாக, வாக்களிக்க விரும்பும் அயலகத்தான் அந்த மண்ணுக்கு வந்தே வாக்களிக்க வேண்டும் என்று வைத்தது. அதில் ஓர் நியாயம் இருக்கிறது: பேச வா, வாதிட வா, ஆனால் முடிவெடுக்கும்போது அதன் விளைவைச் சுமப்பவன் பக்கத்தில் வந்து நில்!

தோழர்களே! தாயகம் என்பது மலையன்று, பழம்பெருமையன்று, சுவரில் தொங்கும் படமன்று. அங்கே இன்று காலை ரொட்டிக்காக வரிசையில் நிற்பவனே தாயகம். அவனை நேசிக்காமல் மண்ணை நேசிக்கிறேன் என்பவன், தன் நினைவை நேசிக்கிறான்; அவ்வளவே.

ஷாமீரியன் தம் நூலுக்குப் புகழின் பொறி என்று பெயரிட்டதன் உட்பொருள் இதுதான்: புகழ் வேட்கையோடு ஆட்சிக்கு வருபவனைச் சட்டம் என்னும் பொறி பிடித்துக் கட்டவேண்டும். மன்னனின் புகழ்வெறிக்குப் பொறி அமைத்தார் அந்தச் சென்னை வணிகர். தொலைவிலிருந்து வீரம் பேசும் நாட்டுப்பற்றுக்கும் ஒரு பொறி தேவை. அந்தப் பொறியின் பெயர் பொறுப்பு!