கொழும்பில் டெத் மெற்றல் கிற்றார்: கலையும் பிழைப்பும்

கொழும்பின் இசைவாழ்வில் கிற்றார் பெரும்பாலும் ஆட்டத்தோடும் கொண்டாட்டத்தோடும் பிணைந்தே வளர்ந்த கருவியாகும். போர்த்துக்கேயர் காலத் தொடர்பில் வேர்கொண்ட பைலா ஆட்ட இசையை 20ஆம் நூற்றாண்டில் பரவலாக்கிய வோலி பஸ்தியன் பொலிஸ் சேவையில் இருந்தவர். 1960களில் ஜெட்லைனர்ஸ் குழு ஆங்கில நடன இசையால் புகழ்பெற்றது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் ஈழத்துப் பொப் பாடல்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற தமிழர் செறிந்த பகுதிகளிலும் ஒலித்தன. இம்மரபில் கிற்றார் கலைஞருக்குக் கூலி கிடைத்ததென்றால், அது ஆடவந்த கூட்டத்திடமிருந்தே கிடைத்தது.

டெத் மெற்றல் அக்கூட்டத்தை நாடாத இசை. தந்திகளின் சுருதியை வழமையினும் இறக்கி, மின்னொலியைக் கரகரக்கச் செய்து, ஒரே சுரத்தை மேலும் கீழுமாக அதிவேகமாக மீட்டும் 'ட்ரெமலோ' முறையோடு, அடித்தொண்டை உறுமலையும் சேர்த்து, 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இது உருப்பெற்றது. புளோரிடாவின் கிற்றார் கலைஞர் சக் ஷுல்டினரால், சக கலைஞர்கள் மாறிக்கொண்டேயிருந்தபோதும் தமது 'டெத்' குழுவின் பெயரில் 1987 முதல் 1998 வரை 7 தொகுப்புகளை வெளியிட முடிந்தது. அவருக்குப் பின்னால் இசை வெளியீட்டகங்களும் இவ்வகை இசையில் தேர்ந்த ஒலிப்பதிவுக் கூடங்களும் இருந்தன.

கொழும்பில் அத்தகைய கட்டமைப்பு உருவாகவில்லை. 1977இன் திறந்த பொருளாதாரம் மின்கிற்றாரையும் ஒலிநாடாவையும் கைக்கெட்டச் செய்தாலும், 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இரவு நிகழ்ச்சிகளை நெருக்கியது. 1990களின் இறுதியில் டெனிசன் நெப்போலியன் கிற்றார் வாசிக்க உருவான 'ஸ்டிக்மாற்றா', முழுமையான டெத் மெற்றல் குழுவன்று எனினும் அதன் கூறுகளையும் ஏற்றது. அதன் தொகுப்புகள் 2003, 2006, 2010, 2015 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இடைவெளி 3, 4, 5 ஆண்டுகளென நீண்டது. புராணச் சொற்களைத் தலைப்பிலேயே ஏற்ற 'ஜெனொசைட் ஷ்ரைன்ஸ்' குழுவின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பை வெளியிட்டது ஓர் இந்திய வெளியீட்டகம்.

சிங்கப்பூரில் 1992இல் தோன்றி வேதாந்தக் கருத்துகளை டெத் மெற்றலாக்கிய 'ருத்ரா'வும் உள்ளூர்ச் சிறு சந்தையைக் கடந்தே கேட்போரைத் தேடியது. ஆதலால் இத்தகைய நகரங்களில் இவ்விசையின் கிற்றார் கலைஞரது வாழ்க்கையை வருமானத்தாலன்றி, நீண்ட இடைவெளிகளைத் தாண்டியும் குழுவையும் ஒலிப்பதிவையும் நிலைநிறுத்திய ஆற்றலாலேயே அளவிட வேண்டியுள்ளது.