திருமலை மலைப்பாதையில் கேரவன் பயணம்: ஷாக் அப்சார்பர் தேர்வில் கவனிக்க வேண்டியவை

திருப்பதி: படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுடன் வடிவமைக்கப்பட்ட கேரவன் வாகனங்களில் திருப்பதி, சித்தூர் பகுதி மலைப்பாதைகளுக்குச் செல்வோர், புறப்படும் முன் பிரேக்குடன் சஸ்பென்ஷன் அமைப்பையும் பரிசோதிப்பது அவசியம். சமவெளியில் வெறும் குலுங்கலாகத் தோன்றும் குறைபாடு, கொண்டை ஊசி வளைவில் வாகனத்தின் நிலைத்தன்மையையே பாதிக்கக்கூடும்.

மலைப்பாதைகளின் சவால்

திருமலைக்குச் செல்லும் முதல் மலைப்பாதை 1944-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தற்போது இது மலையிலிருந்து இறங்குவதற்கும், 1974-இல் அமைக்கப்பட்ட இரண்டாவது பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. இறங்கும் பாதையில் வளைவுகள் அதிகம். சித்தூர் - பெங்களூரு நெடுஞ்சாலையில் மொகிலி, திருப்பதி - மதனப்பள்ளி சாலையில் பாக்கராப்பேட்டை ஆகிய மலைப்பாதைகளும் உள்ளன. 2022 மார்ச்சில் பாக்கராப்பேட்டையிலும், 2024 செப்டம்பரில் மொகிலியிலும் நிகழ்ந்த பேருந்து விபத்துகளில் பலர் உயிரிழந்தனர்.

ஸ்பிரிங் வேறு, ஷாக் அப்சார்பர் வேறு

வாகனத்தின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் ஸ்பிரிங் தொடர்ந்து மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் பணி. அதன் உள்ளே இருக்கும் பிஸ்டன், சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது.

எனவே, வாகனத்தின் பின்பகுதி தாழ்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. அது ஸ்பிரிங் பட்டைகளின் தளர்ச்சியாகவோ, அளவுக்கு மீறிய சுமையாகவோ இருக்கலாம்.

முதல் படி எடை மேடை

சாதாரண வேன் சில நேரங்களில் காலியாகவும் சில நேரங்களில் நிரம்பியும் ஓடும். கேரவனோ எப்போதும் சுமையுடனேயே ஓடுகிறது. 150 லிட்டர் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. கூரை மீதுள்ள ஏ.சி. கருவியும் உயரமான அலமாரிகளும் வாகனத்தின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துவதால், வளைவில் சாய்வு அதிகரிக்கும்.

எனவே தண்ணீர், சாமான்கள், பயணிகள் அனைத்துடனும் எடை மேடையில் நிறுத்தி, முன் அச்சு, பின் அச்சு எடைகளைத் தனித்தனியே அறிய வேண்டும். தயாரிப்பாளர் நிர்ணயித்த வரம்பை மீறினால் சுமையைக் குறைப்பதே சரியான தீர்வு. பின் அச்சில் கூடுதல் காற்றுப் பைகளைப் பொருத்தினால் தாழ்ந்த பகுதி உயரும். ஆனால் அனுமதிக்கப்பட்ட எடை வரம்பு உயராது.

எந்த வகை பொருத்தம்?

* எண்ணெய் வகை: விலை குறைவு, மென்மையான பயணம். மேடு பள்ளச் சாலையில் நீண்ட நேரம் ஓடினால் எண்ணெய் சூடாகி நுரைத்து, அடக்கும் திறன் குறையலாம்.
* வாயு அழுத்த வகை: நைட்ரஜன் அழுத்தம் நுரைப்பதைக் குறைக்கிறது. எப்போதும் சுமையுடன் ஓடும் கேரவனுக்கு இது பொதுவாக ஏற்றது.
* கடினத்தை மாற்றிக்கொள்ளும் வகை: சுமைக்கேற்பச் சரிசெய்யலாம். தேவைக்கு மேல் கடினமாக்கினால் சக்கரம் சாலையைத் தழுவிச் செல்லாமல் துள்ளும்.

வளைவில் சாய்வதே முக்கியக் குறை என்றால், இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆன்ட்டி ரோல் பார் மற்றும் அதன் ரப்பர் புஷ்களைச் சோதிக்க வேண்டும். எதை மாற்றுவதற்கு முன்பும் டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பது நல்லது.

மாற்ற வேண்டிய அறிகுறிகள்

ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய்க் கசிவு, டயரில் ஆங்காங்கே குழி விழுந்த தேய்மானம், பிரேக் பிடிக்கும்போது முன்பகுதி வெகுவாகக் கீழிறங்குதல், வேகத்தடையைக் கடந்த பின்னும் ஆட்டம் நீடித்தல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். ஒரு பக்கம் மட்டும் பழுதானாலும், அதே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையெனில் வாகனம் ஒரு பக்கமாக இழுக்கலாம்.

சட்டம் கூறுவது

இந்தியாவில் மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலை உள்ளது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் குறிப்புகளிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. அதே அளவுள்ள ஷாக் அப்சார்பரை மாற்றுவது பராமரிப்புப் பணியே. வாகனத்தின் உயரத்தையோ அச்சையோ மாற்றும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் விளக்கம் பெறுவது நல்லது.

புதிய ஷாக் அப்சார்பர் பொருத்தினாலும் பிரேக் சூடாவதை அது தடுக்காது. திருமலையிலிருந்து இறங்கும்போது குறைந்த கியரில், எஞ்சினின் இழுவையைப் பயன்படுத்தி மெதுவாக இறங்குவதே பாதுகாப்பானது.