குன்னத்தில் கிடைத்தது டைனோசர் முட்டை இல்லையா? அப்போ அந்தக் கல் உருண்டைகள் என்ன?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் வெட்டி எடுத்தபோது, முட்டை வடிவில் பெரிய பெரிய கல் உருண்டைகள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை' என்று சமூக வலைதளங்களில் போட்டோக்கள் பறந்தன. ஆனால் நேரில் ஆய்வு செய்த நிபுணர்கள் சொன்னது வேறு. முட்டை இல்லை, அம்மோனைட் சார்ந்த கடல் படிவுகள்!

கடலே இல்லாத ஊர்ல கடல் படிவா?

இன்னைக்கு வங்கக் கடல் இங்கிருந்து பல மைல் தள்ளி இருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் இந்த ஊர்கள் வரை உள்ளே வந்திருந்தது. கோண்ட்வானா பெருங்கண்டத்திலிருந்து இந்தியா பிரிந்தபோது கிழக்கு விளிம்பு தாழ்ந்து, கடல் புகுந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அது வருவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. பெரம்பலூர் அருகே காரையில் மழை அரித்த செம்மண் மேடுகளில் நடந்தால், அந்தக் கடலின் அடித்தரையில்தான் நடக்கிறீர்கள். துப்பாக்கித் தோட்டா மாதிரி அங்கே கிடப்பவை பெலம்னைட் என்ற கடல் உயிரியின் உடல் பாகம்.

அம்மோனைட்டைப் பார்த்ததும் நத்தை என்றுதான் தோன்றும். உண்மையில் அது கணவாய், ஆக்டோபஸ் வகையறா. சுருண்ட ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்பு. அதில் வாயுவை நிரப்பி மிதக்கும். செத்ததும் சேற்றில் புதையும். அழுகும் உடலைச் சுற்றி தாதுக்கள் படிந்து இறுகும். சுற்றியுள்ள களிமண் கரைந்தாலும் அந்த உருண்டை கரையாது. குன்னத்தில் ஏமாற்றியது இந்த வடிவம்தான்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மெக்சிகோவில் விண்கல் விழுந்தது. அதே காலத்தில் தக்காணத்தில் எரிமலைகள் குமுறிக்கொண்டிருந்தன. டைனோசரோடு அம்மோனைட்டும் அழிந்தது.

அப்போ இங்கே டைனோசரே இல்லையா?

இருந்தது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1987-ல் 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்சு இன்றும் உண்டு. நிரூபிக்கத்தான் வழியில்லை. எலும்புகள் நொறுங்கிப்போய்விட்டன! மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தான்.

கடல் படிவுகளுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லும் அதே கடலின் சொத்து. கல்லங்குறிச்சி பகுதிப் பாறையில் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். நம்ம வீட்டுச் சுவரிலும் அந்தச் சிப்பி கொஞ்சம் இருக்கலாம்.

வயலிலோ ஏரியிலோ இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் உடைக்க வேண்டாம், வீட்டுக்கும் தூக்கி வர வேண்டாம். எந்த மண் அடுக்கில் இருந்தது என்பதை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். இடத்தோடு சேர்த்து போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடமோ வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.